நடுங்கும் கை யாருடையது?

மனிதன் தன் சரீரத்தைக் குறித்து 'என்னுடையது' என்று சொல்லும்போது, அச்சொல்லில் எத்தனை பங்கு உண்மையான ஆட்சி, எத்தனை பங்கு வெறும் பழக்கம் என்பதை அவன் சாதாரணமாக ஆராய்ந்து பார்ப்பதில்லை. நீட்ட நினைத்தவுடன் கை நீளுகிறது. எழுந்திருக்கச் சங்கல்பித்தவுடன் கால்கள் ஊன்றிக்கொள்கின்றன. நினைப்புக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே ஒரு தூரம் உண்டு என்பதையே மறந்துவிடும் அளவுக்கு இந்தக் கீழ்ப்படிதல் நமக்கு இயல்பாகிவிட்டது. ஆயினும் ஒரு நாள் கண்ணிமை தானாகத் துடிக்கிறது. மறுநாள் கெண்டைக்காலில் ஒரு நெளிவு ஓடி மறைகிறது. வேறொருவருக்கோ, மடியில் சும்மா கிடந்த கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று உரசியபடி ஓயாமல் ஆடத் தொடங்குகின்றன. 'நில்' என்று உள்ளிருந்து எழும் ஆணையை அந்தக் கை ஏற்பதில்லை. நான் அசைக்காத இந்த அசைவை அசைத்தவர் யார்? என் ஆணைக்கு அடங்காத அங்கம் எந்தப் பொருளில் என்னுடைய அங்கம்? இக்கேள்வி வைத்தியருக்கு உரியது என்று சொல்லி வேதாந்தி ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது; வேதாந்திக்கு உரியது என்று வைத்தியர் கைவிடவும் முடியாது.

இதைச் சிந்திப்பதற்குப் புனே நகரம் மிகப் பொருத்தமான இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. கர்மம் என்றால் என்ன, கர்த்தா என்பவன் யார் என்ற விசாரத்தை நம் காலத்தில் மிக விரிவாக நடத்திய லோகமான்ய திலகர் வாழ்ந்த ஊர் அது. மகாபாரதத்தின் ஆராய்ச்சிப் பதிப்பு அரை நூற்றாண்டுக் காலம் உருவாகி 1966-இல் நிறைவெய்திய பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் அமைந்த ஊர் அது. சரீரத்தை ஆத்மாவின் ஸ்வாதீனத்தில் கொண்டுவரும் வித்தையை உலகெங்கும் பரப்பிய பி. கே. எஸ். ஐயங்கார் 1937 முதல் 2014-இல் காலமாகும் வரை வாழ்ந்து கற்பித்த ஊரும் அதுவே. இவை போதாவென்று, நடுக்குவாதம் கண்டவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் சங்கமும், அவர்களுக்கென்றே நடத்தப்படும் நடன வகுப்பும் அந்த நகரத்தில் உண்டு. தத்துவத்தின் கேள்வியும் நோயாளியின் கேள்வியும் அங்கே ஒரே ஊரில் வாசம் செய்கின்றன.

நம் முன்னோர் இந்தத் துடிப்பை அலட்சியம் செய்தவர்கள் அல்லர். சிலப்பதிகாரத்தில் இந்திர விழா நாளில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிப்பதாக இளங்கோவடிகள் பாடினார்; கம்பனின் சீதை அசோகவனத்தில் தன் இடப்பக்கம் துடிப்பதைச் சொல்லித் திரிசடையிடம் பொருள் கேட்கிறாள்; காளிதாசனின் துஷ்யந்தன் ஆசிரமத்துக்குள் நுழையும்போது அவன் கை துடிக்கிறது. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனுக்கு அருகே அங்கம் துடித்தல் பலனையும் அச்சிட்டு வருவது இன்றும் நின்றுபோகவில்லை. நிமித்தம் பார்ப்பதை நம்புவதும் நம்பாததும் அவரவர் மனப்பாங்கு. ஆனால் அந்த வழக்கத்துக்கு அடியில் ஒரு கூர்மையான கவனிப்பு இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் விரும்பிச் செய்யாத ஒன்று என் உடலிலேயே நிகழ்கிறது என்றால், அங்கே என்னையன்றி வேறொன்றின் கை இருக்கவேண்டும் என்று அவர்கள் உணர்ந்தார்கள். அந்த வேறொன்றைத் தெய்வம் என்றும் விதி என்றும் பெயரிட்டு, அதனிடமிருந்து வந்த செய்தியாகத் துடிப்பைக் கொண்டார்கள். பரதரின் நாட்டிய சாஸ்திரமோ உடல் நடுக்கத்தை எட்டு சாத்துவிக பாவங்களில் ஒன்றாக வைத்து, நடிப்பால் எளிதில் வரவழைக்க முடியாத உண்மையின் அடையாளமாக அதற்கு உயர்ந்த ஸ்தானம் அளித்தது.

அந்த வேறொன்று எது என்பதை அறியப் புறப்பட்ட மற்றொரு வழி, இத்தாலியில் பொலோனா நகரத்தில், இறந்த தவளையின் கால் மின்சாரம் பட்டுத் துள்ளுவதைக் கல்வானி என்ற பேராசிரியர் கண்டு 1791-இல் எழுதி வெளியிட்டபோது தெளிவாகத் திறந்தது. உயிர் நீங்கிய காலும் துள்ளக்கூடும் என்றால், அசைவு வேறு, அசைக்கும் சங்கல்பம் வேறு என்பது கண்கூடாயிற்று. முதுகுத்தண்டின் முன்புறத்தில் உள்ள ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு நீண்ட இழையைத் தசைக்கு அனுப்பி, அங்கே பல நார்களைத் தன் வசத்தில் வைத்திருக்கிறது என்பதையும், மேலிடத்து ஆணை வராமலே அந்த அணுவோ அதன் இழையோ தானாக மின்னோட்டத்தை எழுப்பிவிட்டால் அதன் வசத்தில் உள்ள நார்கள் அனைத்தும் ஒருமிக்கச் சுருங்கித் தோலுக்கடியில் ஒரு நெளிவாகத் தெரிகின்றன என்பதையும் பிற்காலத்து நரம்பியல் நமக்குச் சொல்லிற்று. இத்தகைய துடிப்பு ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலோருக்கு எப்போதாவது வரக்கூடியதே. தூக்கக் குறைவும் களைப்பும் அளவு மிஞ்சிய காப்பியும் கவலையும் அதைத் தூண்டும். கண்ணிமைத் துடிப்பு பெரும்பாலும் சில நாட்களில் தானே அடங்கும். பலம் குறையாமல், தசை மெலியாமல், வெறும் துடிப்பு மட்டும் இருக்குமானால் அதைக் கண்டு நடுங்க வேண்டிய அவசியம் இல்லை.

அச்சத்துக்குக் காரணமான நோய்களும் உண்டு. துடிப்போடு கையின் பிடி தளர்ந்து, சதை வற்றி, பேச்சும் விழுங்குதலும் தடைப்படுமானால், அது இயக்க நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மாண்டுபோகும் வியாதியாக இருக்கலாம். பிரான்சு தேசத்து வைத்தியர் ஷார்கோ 1869-இல் விவரித்த இந்த வியாதி, பெரும்பாலோரைச் சில ஆண்டுகளுக்குள்ளேயே கொண்டுபோய்விடுகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு நோய்க்கு நம்முடைய சென்னையின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. முப்பது வயதுக்குள் தொடங்கி, கைகால்களை மெலியச் செய்து, முகத்தையும் தொண்டையையும் தொட்டு, செவிப்புலனையும் குறைத்து, ஆனால் ஆளை விரைவில் கொல்லாமல் மெதுவாகவே நகரும் அந்த நோயை மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூன்று வைத்தியர்கள் 1970-இல் பிரித்தறிந்து எழுதினார்கள். இவை துடிப்பின் வகை. நடுக்கத்தின் வகையில் தலையாயது, லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்கின்சன் 1817-இல் ஆறு பேரைக் கண்டு வருணித்த நடுக்குவாதம். மூளையின் அடித்தளத்தில் உள்ள கருநிறப் பகுதியின் அணுக்கள் அழிந்து, டோபமின் என்னும் ரசாயனம் குன்றுவதால், சும்மா இருக்கும் கை விநாடிக்கு நான்கு முதல் ஆறு முறை ஆடுகிறது, நடை சுருங்குகிறது, முகத்தின் பாவம் மறைகிறது. இவர்களில் பலருக்கு, ஒரு காரியத்தைக் கருதிக் கையை நீட்டும்போது நடுக்கம் சற்று அடங்குகிறது. உறக்கத்தில் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இந்த உண்மையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நம் விசாரத்தில் அதற்கு இடம் உண்டு.

இப்படி ஒருவருக்கு நோய் கண்டவுடன் நம் வீடுகளில் முதலில் எழும் சொல் எது? 'எந்த ஜன்மத்தில் என்ன பாவம் செய்தானோ!' என்பதே. சொல்பவர்களில் பலர் கருணையோடுதான் சொல்கிறார்கள். ஆயினும் கேட்பவர் காதில் அது தீர்ப்பாகவே விழுகிறது. கர்ம சித்தாந்தத்தை நான் மறுப்பவன் அல்லேன். அதனாலேயே அதன் பெயரால் நடக்கும் இந்த அநியாயத்தைப் பொறுக்க முடியவில்லை. கர்மத்தின் கதி ஆழங்காண முடியாதது என்று கீதை சொல்கிறது. ஆழங்காண முடியாத கணக்கை அடுத்த வீட்டுக்காரர் படித்துச் சொல்வது எப்படி? புனேயில் பரிசோதித்து வெளியிடப்பட்ட அதே பாரதத்தின் ஆதி பருவத்தில் மாண்டவ்யரின் சரித்திரம் வருகிறது. குற்றமற்ற அந்த முனிவர் கழுவில் ஏற்றப்படுகிறார். தாம் செய்த பாவம் என்னவென்று தர்மதேவதையையே போய்க் கேட்கிறார். சிறுவயதில் பூச்சிகளைப் புல்லால் குத்தியதன் பலன் அது என்று பதில் வருகிறது. முனிவர் அந்தப் பதிலை ஏற்றுத் தலைகுனியவில்லை. அற்பமான பிழைக்கு இத்தனை பெரிய தண்டனை விதித்த தர்மனையே சபிக்கிறார். பதினான்கு வயதுக்குள் செய்தது பாவமாகாது என்று புது எல்லையும் வகுக்கிறார். அந்தச் சாபத்தால் தர்மனே விதுரனாகப் பிறக்க நேர்கிறது. துன்பப்படுபவனிடம் அவன் பாவத்தைச் சுட்டிக்காட்டுவதற்கு முன்னால் தர்மதேவதைக்கே நேர்ந்ததை நாம் நினைத்துப் பார்க்க வேண்டாமா? முன்வினை என்ற எண்ணம், துன்பத்தைத் தாங்குபவன் தன் மனத்தை ஆற்றிக்கொள்ளத் தானே எடுத்துக்கொண்டால் மருந்து. பிறர் எடுத்து அவன்மேல் வைத்தால் அது இரண்டாவது நோய்.

இனி, கர்த்தா யார் என்ற கேள்வி. கீதை ஒரு நடுக்கத்தில்தான் தொடங்குகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவயவங்கள் தளர்ந்து, வாய் உலர்ந்து, உடல் நடுங்கி, காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது. அர்ஜுனன் அதை விரும்பிச் செய்யவில்லை. அது அவனுக்கு நேர்கிறது. கண்ணன் கண்டிப்பது அவனுடைய நெஞ்சின் தளர்ச்சியையே அன்றி அங்கங்களின் நடுக்கத்தை அன்று. பதினெட்டாம் அத்தியாயத்தை எட்டும்போது, எந்தச் செயலுக்கும் காரணங்கள் ஐந்து என்று அவன் பகுத்துக் காட்டுகிறான்: செயலுக்கு இடமான சரீரம், கர்த்தா, பலவகைக் கருவிகளான இந்திரியங்கள், வெவ்வேறான சேஷ்டைகள், ஐந்தாவதாகத் தெய்வம். ஆரோக்கியமாக இருப்பவன் இந்த ஐந்தில் ஒன்றாகிய தன்னை மட்டும் எண்ணி, மற்ற நான்கையும் மறந்து, 'நானே செய்தேன்' என்று மார்தட்டுகிறான். ஒரு வாய்க் காப்பியைச் சிந்தாமல் உதட்டருகே கொண்டுபோவதற்கு எத்தனை கோடி அணுக்களின் ஒத்துழைப்பு வேண்டியிருக்கிறது என்பது, அந்த ஒத்துழைப்பு கிடைக்காதவருக்கே தெரியும். அந்த வகையில், நடுங்கும் கையை உடையவர் கீதையின் இந்தப் பகுதிக்கு நம்மைவிட நெருங்கிய வாசகர். திலகர் மாண்டலே சிறையில் எழுதி 1915-இல் வெளியான கீதா ரகசியத்தில், செயலின் பெருமையை அதன் வெளி வடிவத்தால் அளக்காமல் செய்பவனுடைய புத்தியின் தூய்மையால் அளக்க வேண்டும் என்று வாதித்தார். அந்த அளவுகோலைக் கைக்கொண்டால், பூஜையில் நடுங்கிக் கீழே சிந்திய தீர்த்தத்துக்கும் சிந்தாத தீர்த்தத்துக்கும் வித்தியாசம் ஏதும் இல்லை.

ஆனால் கர்த்திருத்வம் முழுவதும் நம்முடையது அன்று என்று சொல்வதால் மட்டும் நோயாளியின் கேள்வி தீர்ந்துவிடாது. 'என் சொல் கேளாத இந்த உடல் இனி என்னுடையதா?' என்று அவர் கேட்கிறார். இதற்குப் பதிலை, எனக்குத் தெரிந்தவரை, மிக நேராகச் சொன்னவர் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்து ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ராமானுஜர். ஸ்ரீபாஷ்யம் என்னும் தம் உரைநூலில் சரீரம் என்பதற்கு அவர் ஓர் இலக்கணம் வகுத்தார்: எந்த திரவியத்தை ஒரு சேதனன், அதாவது அறிவுள்ள ஆத்மா, தன் பிரயோஜனத்துக்காக முழுவதும் நியமிக்கவும் தாங்கவும் வல்லவனோ, அது அவனுக்குச் சரீரம். இந்த இலக்கணத்துக்கு உடனே ஓர் ஆட்சேபம் எழும்; நோயுற்ற உடலும் வாதத்தால் செயலற்ற உடலும் சேதனனுடைய நியமனத்துக்கு உட்படவில்லையே, அவை சரீரம் ஆகாவோ என்பது அது. ஆசாரியர் இந்த ஆட்சேபத்தை விலக்கிவிட்டுப் போகவில்லை. அத்தகைய உடலிலும் நியமிக்கும் சக்தி இல்லாமல் போகவில்லை, இருந்தும் அது தடைப்பட்டிருக்கிறது என்றார். ஏதோ ஒரு பிரதிபந்தத்தால் நெருப்பின் சூடு வெளிப்படாமல் போகலாம், அதனால் நெருப்புக்குச் சூடு இல்லை என்று ஆகாது என்று திருஷ்டாந்தமும் காட்டினார். சக்தி அழியவில்லை, வழி அடைபட்டிருக்கிறது என்ற இந்த ஒரு முடிவில் நோயாளியின் கௌரவம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இதைச் சித்தாந்தத்தின் சாமர்த்தியம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நடுக்குவாதத்தைக் கவனித்தவர்கள் கண்ட உண்மைகள் இதனோடு வியக்கத்தக்க விதமாகப் பொருந்துகின்றன. கருதிச் செய்யும் செயலில் பலருக்கு நடுக்கம் குறைகிறது என்பதை முன்பே சொன்னேன். வாசற்படியருகே கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் உறைந்து நின்றுவிடும் நோயாளி, தரையில் குறுக்கே கோடுகள் போட்டுவைத்தால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுகிறார். தாளம் கேட்டால் நடை சீராகிறது. தானாக நடக்கும் வழி அடைபட்டிருக்கும்போது, கண்ணும் செவியும் கருத்தும் வேறொரு வழியைத் திறந்துவிடுகின்றன. மருந்தும் இவ்வாறு வழி திறப்பதே. நம் கிராமத்து வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளைச் சென்னையில் தாமோதரன், ராமசுவாமி என்ற இருவர் பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்டார்கள். அதே பொருள் 1960-களில் நடுக்குவாதத்துக்குத் தலையாய மருந்தாகி, படுக்கையில் கட்டைபோல் கிடந்தவர்களை எழுந்து நடக்கச் செய்தது. நடக்கும் சக்தியை அந்த மருந்து புதிதாக அவர்களுக்குப் படைத்துக் கொடுக்கவில்லை. தடையை அது ஓரளவு நீக்கிற்று.

புனேயில் நடப்பது இதே தத்துவத்தின் அனுஷ்டானம் என்று நான் கொள்கிறேன். ஐயங்கார் இளமையில் மலேரியாவும் டைபாய்டும் க்ஷயமும் கண்டு மெலிந்தவர். உடல் சொன்னபடி கேளாமையை அனுபவத்தால் அறிந்தவர். 1975-இல் தம் மனைவியார் ராமாமணியின் பெயரால் அவர் நிறுவிய யோக நிலையத்தில் கயிறும் வாரும் மரக்கட்டையும் நாற்காலியும் ஆசனத்துக்குத் துணைக் கருவிகளாயின. தானே நிற்க முடியாதவன் கயிற்றைப் பற்றி நின்றாலும் அவன் செய்வது யோகமே என்பது அவர் நிலைநாட்டிய முறை. பதஞ்சலி முனிவர் தம் முதல் பாதத்தில், மனம் சிதறும்போது துக்கமும் ஏக்கமும் சுவாசத்தின் சீர்குலைவும் உடன்வருவது போல அங்கங்களின் நடுக்கமும் உடன்வரும் என்று சொல்லியிருக்கிறார். நடுக்குவாதம் மனச்சிதறலால் வந்தது என்று இதற்குப் பொருள் கொள்வது பிழை. அணுக்களின் அழிவால் வந்த நோய்க்கு நோயாளியின் மனத்தைப் பழிப்பது, முன்வினையைச் சொல்லிப் பழிப்பதைப் போன்ற கொடுமையே. ஆனால் பதற்றம் நடுக்கத்தைப் பெருக்கும், அமைதி அதைத் தணிக்கும் என்பது வைத்தியர்களும் ஒப்பும் உண்மை. அந்த ஊரிலேயே நடனக் கலைஞர் ஹிருஷிகேஷ் பவார் நடுக்குவாதம் கண்டவர்களுக்கென்று நடன வகுப்பு நடத்திவருகிறார். அறுபதும் எழுபதும் கடந்தவர்கள், தெருவில் நடக்கத் தயங்கியவர்கள், தாளத்தைக் கேட்டுக் கையை உயர்த்திக் காலை மாற்றி ஆடுகிறார்கள். ஆட்டத்தால் அந்த நோய் தீர்ந்துவிடுவதில்லை. எனினும் தன் சரீரத்தின் மீது தனக்குள்ள ஸ்வாமித்துவம் பறிபோகவில்லை என்பதை ஆடுபவர் அங்கே பிரத்தியட்சமாகக் காண்கிறார். அதுவும் பலரோடு கூடி நின்று காண்கிறார் என்பதில்தான் விசேஷம் இருக்கிறது. ஏனெனில் இந்த நோயின் பாதிச் சுமை நடுக்கத்தில் இல்லை. பிறர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் இருக்கிறது.

வழியே முற்றிலும் அழிந்துபோகும் நோய்கள் உண்டே, அங்கே இந்தத் தத்துவம் என்ன செய்யும் என்று ஒருவர் கேட்கலாம், கேட்கவேண்டிய கேள்விதான். 1963-இல் இருபத்தோராம் வயதில் இயக்க நரம்பு நோய் கண்ட ஸ்டீஃபன் ஹாக்கிங், முடிவில் கன்னத்தின் ஒரு தசையசைவைக் கொண்டே சொற்களைத் தேர்ந்து உலகத்தோடு பேசினார். 2018 வரை வாழ்ந்தார். அவர் தெய்வத்தை நம்பாதவர். நம் ஆசாரியர்களின் பாஷையை ஏற்றிருக்க மாட்டார். ஆனாலும் நியமிக்கும் சக்தி ஒரு தசையளவு வழி கிடைத்தாலும் அதன் மூலம் வெளிப்பட்டே தீரும் என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வழியைத் திறந்துவைத்தவர்கள் அவரைச் சூழ்ந்திருந்த வைத்தியர்களும் தாதியரும் கருவி செய்தவர்களும் உறவினரும். நம் ஊரில் எத்தனையோ பேருக்குச் சக்தி உள்ளே இருந்தும், வழி திறந்துவிட ஆள் இல்லாததால், திண்ணையின் மூலையிலும் உள்ளறைக் கட்டிலிலும் அவர்களுடைய வாழ்நாள் கழிந்துபோகிறது. அங்கே தடையாக நிற்பது நரம்பின் நோய் மட்டும் அன்று. நம்முடைய அசிரத்தையும் சேர்ந்தே நிற்கிறது.

ஆகவே என் முடிவை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நடுங்கும் கை அந்த மனிதருடையதே; அந்த நடுக்கம் மட்டும் அவருடைய செயல் அன்று. அதற்காக அவர் வெட்கப்பட வேண்டியதும் இல்லை, நாம் அவரைப் பழிக்க நியாயமும் இல்லை. உடலில் துடிப்போடு பலக்குறைவோ மெலிவோ கண்டவர்கள் நிமித்தம் பார்த்துக்கொண்டு நாட்களைக் கழிக்காமல் நரம்பு வைத்தியரிடம் போகட்டும். வீட்டில் நடுக்குவாதம் கண்ட பெரியவர் இருந்தால், அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ள எடுக்கும் கால் மணி நேரத்தை அவருக்கே விட்டுவிடுங்கள். கேளாமல் கையைப் பிடித்து உதவாதீர்கள், கேட்டால் மறுக்காதீர்கள். கல்யாணத்திலும் கோயிலிலும் அவரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். பந்தியில் அவர் இலையில் சிந்தியதைப் பார்க்காதவர்போல் இருங்கள். அவருடைய முன்வினையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். வழி அடைபட்டவருக்கு வழி விடுவது நம் கர்மம். அந்தக் கர்மத்துக்கு நாமே கர்த்தாக்கள், அதில் நமக்குச் சாக்கு ஏதும் இல்லை.